தம்பையா இல்லாத கடை

கொய்யாத்தோட்டம் மூன்றாம் ஒழுங்கையில்
மாதம் ஒருக்கா மீற்றர் பார்க்கப் போகிறவன் நான்.
"நாய் கவனம்" என்று எழுதாத மதில்
அங்கே ஒன்றே ஒன்றுதான்.
அதில்தான் போன தையில் பலகை ஏறியது:
தம்பாயான்.

கூடியிருந்து கதைக்கிற இடம் என்று அர்த்தமாம்
பத்தாங்காஸ் பக்கத்தில்.
ஒழுங்கை அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.
"ஆர் உந்தத் தம்பையா?"
"தெரியாது, கோப்பிக் கடையாம்."
அன்று பொழுதுபட முதலே
தம்பையாண்ட கடை ஆகிவிட்டது.

உள்ளே இருந்தது மாரிசெல்.
கப்பல் எஞ்சினுக்கு எண்ணெய் விடப் போன
பாசையூர் ரெஜினோல்ட்
கப்பல் குசினியில் கண்டு கட்டின மனுசி.

கதிரை ஆறு. ஆறும் ஆறு வீட்டுச் சாயல்.
ஒன்றுக்குக் கால் குட்டை;
கீழே விழாத லொத்தர் சீட்டு ஒன்றை
மடித்துச் சொருகியிருந்தார்கள்.

முதல் மாதம் துண்டை எழுதி நீட்டினேன்.
இரண்டு கையாலும் வாங்கி, தலை குனிந்து,
"சலாமத் போ" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது.
பதினெட்டு வருடச் சேவையில்
நாய்கள் சொல்லியிருக்கின்றன போ என்று,
நாய்க்குச் சொந்தக்காரரும் சொல்லியிருக்கிறார்கள்.
இப்படிச் சிரித்த முகத்தோடு ஒருவரும் சொன்னதில்லை.

ரெஜினோல்ட் படலை மட்டும் ஓடி வந்தான்.
"அண்ணை, கோவியாதேங்கோ.
அவையின்ர பாசையில போ எண்டால்
எங்கட 'ங்கோ' மாதிரி. மரியாதை."

அடுத்த மாதம் பிடித்து இருத்திவிட்டார்கள்.
ஊதா நிறத்தில் கோப்பி வந்தது,
பள்ளிக்கூட மை கரைந்த மாதிரி.
பயந்து ஒரு மிடறு.
இராசவள்ளி!
கஞ்சிக் கோப்பையில் மட்டும் எனக்குப் பழக்கமான கிழங்கு
கண்ணாடிக்குள் பாலுக்குக் கீழே படுத்திருந்தது.
"ஊபே" என்றாள்.
"இராசவள்ளி" என்றேன்.
அவளுக்கு 'ள்ளி'யில் நாக்குச் சறுக்கியது.
எனக்கு ஊபேயில் வெட்கம் வந்தது, ஏனென்று தெரியாது.

புட்டோ என்று எழுதியிருந்ததைப் புட்டு என்று நம்பி
ஓய்வுபெற்ற தபாலதிபர் இலங்கநாயகம்
"குழம்பெங்கை?" என்று கேட்டாராம்.
வெள்ளையாய், குட்டியாய், இனித்துக்கொண்டிருந்தது அது.
அவள் யோசித்துவிட்டு
புளித்தண்ணியில் அவித்த மீனை வைத்தாள்.
மனுசன் வாய் திறக்காமல் குழைத்துத் தின்றார்.
மற்ற நாளும் வந்தார்.

வினாகிரிக் கோழியில் உறைப்பில்லை என்று
கம்பஸ் பெடியள்
பொரித்த மிளகாயைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வருவார்கள்.
கண்டும் காணாத மாதிரி இருந்தவள்
ஒருநாள் மோர்மிளகாயைத் தட்டில் வைத்தாள்.
பில்லில் அது வருவதில்லை.

ஆடியில் யூனிட் விழுந்தது.
மீற்றருக்குப் பொய் சொல்ல வராது:
பெரிய ஃபிறிஜ் ஓடவில்லை.
ரெஜினோல்ட் திரும்பவும் கப்பலேறிவிட்டானாம்,
கடனுக்கு.

ஆவணியில் என் பையில்
அவளுடைய பெயருக்குச் சிவப்பு நோட்டீஸ்.
கந்தோருக்கே திருப்பிக் கொண்டுபோகலாமா என்று
மதகடியில் சைக்கிளை நிறுத்தி யோசித்தேன்.
என்னுடைய வேலை கொடுப்பது. கொடுத்தேன்.

அதையும் இரண்டு கையால்தான் வாங்கினாள்.
வாசித்தாள். திகதியைச் சுவரில் எழுதினாள்.
பிறகு நாலாக மடித்து,
குட்டைக்கால் கதிரைக்குக் கீழே சொருகி,
லொத்தர் சீட்டை எடுத்து எறிந்துவிட்டு
என்னை அதில் இருக்கச் சொன்னாள்.

ஆடவில்லை.

அன்றைக்கு ஊதாக் கோப்பி இல்லை, பால் முடிந்துவிட்டது.
வெறுங்கோப்பி, பனங்கட்டித் துண்டோடு.
கம்பஸ் பெடியள் நாலு பேர்
ஒரு கோழியைப் பங்கிட்டுக்கொண்டு சத்தம் போட்டார்கள்.
காசு வைத்தேன். எண்ணாமல் லாச்சிக்குள் போட்டாள்.
கட்டுவாளா, மாட்டாளா,
அது புரட்டாதி மீற்றருக்குத்தான் தெரியும்.

எழும்பும்போது வாய் தானாகச் சொன்னது:
"வாறன் போ."

ஒழுங்கையால் மீன் கொண்டுபோன மனுசி
நின்று திரும்பிப் பார்த்தா.
"வாறியோ, போகச் சொல்லுறியோ?
ஒண்டைச் சொல்லு தம்பி."